புதன்கிழமை ரத்தப் பரிசோதனையை நிறுத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டார அரசு மருத்துவமனையின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

ஆய்வகத்து ஜன்னல் கம்பியில் நூல் போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்களே ஒரு அட்டை, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். "ஐ.என்.ஆர். பரிசோதனை இங்கு இல்லை. திருநெல்வேலி செல்லவும்." கையெழுத்து இல்லை, தேதி இல்லை, மறுபடி எப்போது தொடங்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. அது தொங்க ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. ஆனால் அதே கட்டடத்தில், பத்தடி தள்ளியிருக்கும் மருந்து ஜன்னலில், ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை மாதம் தவறாமல் கொடுத்து வருகிறீர்கள். மாத்திரை உண்டு, அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்க்கும் அந்தப் பரிசோதனை மட்டும் கிடையாது. இந்த மாத்திரை விஷயத்தில் அப்படி ஒரு ஏற்பாடே இருக்கக் கூடாது.

ஊர்ப் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் எழுதாமல் விடுகிறேன். தாமிரபரணிக்கும் கடனாநதிக்கும் நடுவில் ஓர் ஊர் என்பது போதும். படித்தால் உங்களுக்கே தெரியும்.

என் அம்மா பீடி சுற்றுகிறவள். சின்ன வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல் மூட்டுகளை வீங்க வைத்துவிட்டுப் போய்விட்டது என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். அது இதயத்து வால்வைச் சுருக்கி வைத்திருந்தது முப்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், படுத்தால் இருமல். திருவனந்தபுரத்தில் நெஞ்சைத் திறந்து, பழுதான வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். சித்ரா வால்வு. அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் நம் நாட்டு ஆட்களே உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்திய அதே வகை. பதினேழு வருஷமாக அம்மாவுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓடுகிறது என்று நான் சும்மா சொல்லவில்லை. ராத்திரி கரண்டு போய் மின்விசிறி நின்றால் அம்மா பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். கைக்கடிகாரத்தைத் துணியில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைத்த மாதிரி, டிக், டிக் என்று. வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த மருத்துவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இந்தச் சத்தம் மந்தமானால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே. வால்வில் ரத்தம் கட்டியிருக்கலாம்." அப்போது எனக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து இன்றுவரை கண்ணயரும் முன்னால் அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்குகிறேன்.

அந்த வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்க அம்மா தினமும் சாயங்காலம் அசினோகுமரால் போடுகிறாள். ஆயுசு முழுக்கப் போட வேண்டும். ரத்தம் எந்த அளவுக்கு இளகியிருக்கிறது என்று சொல்லும் எண்தான் ஐ.என்.ஆர். மாத்திரை போடாத ஆளுக்கு அது ஒன்றை ஒட்டி இருக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுவதால் இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு இரண்டிலிருந்து மூன்றுக்குள் வைப்பார்கள். அம்மாவுக்கு இருப்பது இதயத்தின் இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கு நடுவில், மைட்ரல் என்று சொல்லும் இடத்து உலோக வால்வு என்பதால் இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள். கீழே போனால் ரத்தம் கட்டும். வால்வு சிக்கிக்கொள்ளும், அல்லது கட்டி மூளைக்குப் போய்க் கை கால் விழும். மேலே போனால் ரத்தம் எங்கே வேண்டுமானாலும் கசியும், மூளைக்குள்ளும். இடையில் இருக்கும் அந்த ஒரு எண் அகலத்தில்தான் என் அம்மாவின் உயிர் நிற்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர்கள் அந்த அட்டையை எப்படித் தொங்கவிட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி.

முன்பு நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதையும் சொல்ல வேண்டும். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆய்வகத்து முன்னால் இருபது, இருபத்தைந்து பேர் இருப்போம். நீல மூடிக் குழாயில் கோடு வரைக்கும் ரத்தம் எடுப்பார்கள். அந்த ஆய்வக அம்மா ஒரு சிவப்பு நோட்டில் எல்லோர் பெயரையும் எழுதி, எண் கூடுதலாக இருந்தால் மத்தியானத்துக்குள் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தானே போன் போடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போவதற்காக அம்மா விரதம் இருந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பாடு குறைந்தால் இந்த எண் ஏறும் என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது. அடுத்த புதன்கிழமை 4.6 வந்தது. பன்னிரண்டு மணிக்கே போன். "ஏளா, இன்னைக்குச் சாயங்காலம் உங்கம்மா மாத்திரை போட வேண்டாம்னு டாக்டர் சொல்லுதாங்க. நாளையிலேர்ந்து பழைய அளவு. சனிக்கிழமை மறுபடி கூட்டிட்டு வா." அவ்வளவுதான். ஒரு வேளை மாத்திரையை நிறுத்தியதோடு முடிந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை, ஒரு பைசா செலவில்லை. இந்த ஒரு போனை நிறுத்தியதற்கு நாங்கள் கொடுத்த விலையை இனிச் சொல்கிறேன்.

திருநெல்வேலிக்குப் போகச் சொல்கிறீர்கள். காலையில் முதல் பஸ் ஏறினால் ரத்தம் கொடுக்க பதினொரு மணி. அறிக்கை சாயங்காலம் அல்லது மறுநாள். அதை வைத்து அளவு எழுதிக்கொள்ள மறுபடி உங்கள் வரிசைக்கு வர வேண்டும். இரண்டு நாள் பீடிக்கூலி போய்விடும். இலைக்கும் தூளுக்கும் கணக்குக் கேட்கும் கடையில், ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்றால் கணக்குத் தள்ளிப்போகாது. வெளியில் பார்க்கலாம் என்றால் அதற்கும் பணம். முதல் மாதம் போனோம். அடுத்த மாதம் சித்தி மகள் கல்யாணம். அதற்கடுத்த மாதம், "உடம்பு நல்லாத்தான இருக்கு, என்னத்துக்குளா அலையுத?" என்றாள் அம்மா. நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு, மறைக்கவில்லை. ஆனால் பதினோரு வாரம் பரிசோதனை இல்லாமல் போனபோதும் மருந்து ஜன்னலில் ஒருவர்கூட "கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்று கேட்காமல் மாத்திரையை எடுத்து நீட்டினார்களே, அதில் உங்கள் பங்கு இருக்கிறது.

பத்தாவது வாரம் அம்மாவுக்குப் பல்வலி. மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கி வந்தாள். வலிக்கு டைக்ளோஃபினாக், புண்ணுக்கு மெட்ரோநிடசோல் சேர்ந்த ஒரு செட்டு. அசினோகுமரால் போடுகிறவர்களுக்கு மெட்ரோநிடசோல் எண்ணை மளமளவென்று ஏற்றிவிடும். டைக்ளோஃபினாக் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் வரவைக்கும். கடைக்காரருக்கு அம்மா ரத்த மாத்திரை சாப்பிடுவது தெரியாது. அவளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

நாலாம் நாள் இலை வெட்டும்போது கத்திரி நுனி பெருவிரலில் பட்டது. சின்னக் கீறல். பீடிக்காரிகளுக்கு அது தினமும் நடக்கிறதுதான். அன்றைக்கு நிற்கவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு சுற்றினாள். சுளகில் கிடந்த பீடிகளில் எல்லாம் சிவப்புப் பொட்டு. ரத்தம் பட்டதைக் கடையில் கழித்துவிடுவார்களே என்று அவளுக்கு அந்தக் கவலைதான். பொட்டுப் பட்டதைத் தனியாகப் பொறுக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். நான் வேலை முடிந்து வந்து பார்க்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மறுநாள் விடியற்காலை அவள் தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக்கறை. ஈறிலிருந்து கசிந்திருந்தது. சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனது என்று அப்போதுதான் சொன்னாள்.

உங்கள் அவசரப் பிரிவுக்குத்தான் முதலில் ஓடி வந்தோம். பல்வலி என்று அம்மா சொன்னதைக் கேட்டு, பணியில் இருந்த சகோதரி இடுப்பில் போட வலி ஊசியை எடுத்துவிட்டார். நான் கையைப் பிடித்துத் தடுத்து, "வால்வு வெச்சிருக்காவ, ரத்த மாத்திரை சாப்பிடுதாவ" என்றேன். உடனே ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல வேளை சொன்னியே தாயி" என்றார். அந்தச் சகோதரி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ரத்தம் அவ்வளவு இளகியிருக்கும்போது சதையில் ஊசி போட்டால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டித் தொடை முழுக்கக் கறுத்து வீங்கிவிடும் என்பது அவருக்கும் தெரியும். நான் பக்கத்தில் இல்லாமல் அம்மா தனியாக வந்திருந்தால்? நம் ஊரில் "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள்தான் பாதிப் பேர்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினீர்கள். எண் 8.2. ஆறு நாள் இருந்தோம். ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மா ஏற்றினார்கள். வைட்டமின் கே கொடுத்தார்கள், அதையும் கொஞ்சமாக, பயந்து பயந்து. அதிகமாகக் கொடுத்து எண் ஒரேயடியாக இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டிவிடும் என்று அங்கிருந்த இளம் மருத்துவர் எனக்கு விளக்கினார். அந்த ஆறு ராத்திரியும் வார்டில் இரைச்சல். அம்மா நெஞ்சில் காதை வைத்தால்தான் டிக் சத்தம் கேட்டது. அம்மா பிழைத்தாள், அங்கே நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் எட்டு மணிக் குழாய் ரத்தத்தில் தெரிந்திருக்க வேண்டியது ஆறு நாள் படுக்கையில் போய் முடிந்தது.

இதோடு நிற்கவில்லை. அம்மாவுக்கு ரத்தம் போனது தெருவெல்லாம் பரவியது. புதன்கிழமை வரிசையில் எங்களோடு நிற்கும் ஓர் அண்ணாச்சி, இதயத் துடிப்புக் கோளாறுக்காக இதே மாத்திரை சாப்பிடுகிறவர், "பரிசோதனையும் இல்ல, நமக்கும் அப்படி ஆயிட்டா?" என்று தானாகவே நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் காலையில் காப்பித் தம்ளர் கையிலிருந்து நழுவியது. வலது கை, பேச்சு இரண்டும் போய்விட்டன. மதினி இப்போது அவருக்குக் கஞ்சி ஊட்டிவிடுகிறார். அளவு பார்க்காத மாத்திரை ஒரு வீட்டில் ரத்தத்தைக் கொட்டியது. அந்தப் பயத்தில் நிறுத்தியது அடுத்த வீட்டில் ரத்தத்தைக் கட்டியது. இரண்டுக்கும் அந்த ஜன்னல் அட்டைதான் தொடக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"அது எலி மருந்தாம்ல" என்று போனில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். அதில் பாதி உண்மை. இதே குடும்பத்தைச் சேர்ந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1954இல் மனிதர்களுக்கும் கொடுக்க அனுமதி கிடைத்தது. கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்ததை ஆராயப்போய்க் கண்டுபிடித்த பொருளிலிருந்து வந்தது அது. எலிக்கு விஷமான ஒன்று என் அம்மாவுக்கு மருந்தாக இருப்பது எதனால்? அளந்து கொடுப்பதால். அளப்பதை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால், அந்த வீடியோக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

உங்களிடம் முறையிட வந்தபோது ஒருவர் சொன்னார்: "இப்பதான் டெஸ்ட்டே தேவைப்படாத புது மாத்திரை வந்துட்டே, அதுக்கு மாத்திக்கோங்க." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இது ஆபத்தான பேச்சு. டாபிகட்ரான், ரிவரோக்சாபன், அபிக்சாபன் போன்றவை பலருக்கு உதவும். உலோக வால்வு வைத்தவர்களுக்கு ஆகாது. டாபிகட்ரானை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை ரத்தக் கட்டும் ரத்தப்போக்கும் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். 2013இல் அது வெளியானது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, இதயத் துடிப்பும் தாறுமாறாக ஓடுகிறவர்களுக்கும் பழைய வகை மாத்திரையே மேல் என்று 2022இல் வெளியான, இந்திய நோயாளிகளும் இருந்த பெரிய ஆய்வு காட்டியது. பீடிச் சுளகுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் என் அம்மா போன்றவர்களுக்கு மாற்று இல்லை.

மாத்திரை கொடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அட்டையைக் கத்தரித்துப் பழுப்புக் கவரில் போட்டு, மேலே "மாலை 1" என்று எழுதித் தருகிறீர்கள். போன தை மாதம் கத்தரித்த துண்டில் மில்லிகிராம் எண் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வீட்டில் பழைய அட்டையோடு வைத்துப் பார்த்தேன், எழுத்துகள் ஒத்துவரவில்லை. திரும்பி வந்து கேட்டபோதுதான், "ஒரு மில்லி ஸ்டாக் இல்ல, ரெண்டு மில்லி, பாதியாப் போடச் சொன்னோமே" என்றார்கள். யாரிடம் சொன்னீர்கள்? கூட்டத்தில் நின்ற, எழுதப் படிக்கத் தெரியாத, ஒரு காது மந்தமான அம்மாவிடம். நான் பார்க்காமல் விட்டிருந்தால் அன்றிலிருந்து இரண்டு மடங்கு போயிருக்கும்.

கீரை விஷயமும் அப்படித்தான். "கீரையே தொடக் கூடாது" என்று யாரோ வரிசையில் சொல்லிவிட, அம்மா வீட்டு முருங்கைக்கீரையை வருஷக்கணக்கில் தொடவே இல்லை. ஹைகிரவுண்டில்தான் சொன்னார்கள், கீரையில் வைட்டமின் கே இருப்பது உண்மை, அதற்காக விட வேண்டாம், வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ மட்டும் செய்யாதீர்கள், அதற்கேற்ப மாத்திரையை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் உட்கார்ந்து சொன்னார். மறந்த மாத்திரையை அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடலாம், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது என்பதும் அங்கேதான் தெரிந்தது.

இனி நான் கேட்பவை.

புதன்கிழமைப் பரிசோதனையை மறுபடி தொடங்குங்கள். வேதிப்பொருள் இல்லையா, ஆள் இல்லையா, எது காரணமோ அதை எழுதிப் போடுங்கள், தொடங்கும் தேதியோடு. அதுவரைக்கும் ரத்தத்தையாவது இங்கே எடுங்கள். சளி மாதிரிகளை எடுத்துக்கொண்டு உங்கள் வண்டி திருநெல்வேலிக்குப் போகத்தானே செய்கிறது? நீல மூடிக் குழாய்களையும் அதில் அனுப்பி, முடிவைப் போனில் வாங்கி எங்களுக்குச் சொல்லுங்கள். ஒரு ஆள் இரண்டு நாள் அலைவதற்குப் பதிலாக ஒரு பெட்டி அலையட்டும்.

கடைசி ஐ.என்.ஆர். என்ன, எந்தத் தேதியில் எடுத்தது என்று பார்க்காமல் இந்த மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதற்காக மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடவும் வேண்டாம். அது இன்னும் மோசம். கொஞ்ச நாளைக்குக் கொடுத்து, அன்றைக்கே ரத்தம் எடுங்கள். கவரில் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் தமிழில் எழுதுங்கள். ஸ்டாக் மாறினால் கூட வந்தவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இந்த மாத்திரை சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை கொடுங்கள்: நான் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறேன், என்னைக் கேட்காமல் ஊசியோ வலி மாத்திரையோ கொடுக்க வேண்டாம் என்று. அவசரப் பிரிவிலும் பல் பிரிவிலும் முதல் கேள்வியாக இதைக் கேட்கச் சொல்லுங்கள். பல் எடுக்க, கண் ஆபரேஷன் செய்ய என்று வருகிறவர்கள் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது என்று பெரிய எழுத்தில் சுவரில் எழுதுங்கள். வட்டாரத்து மருந்துக் கடைக்காரர்களை ஒரு நாள் கூட்டி, மெட்ரோநிடசோலையும் டைக்ளோஃபினாக்கையும் நீட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். நம் கடை அண்ணாச்சிகள் கேட்கக்கூடியவர்கள்தான்.

மேலிடத்துக்கும் ஒன்று எழுதுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள், நல்ல காரியம். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஐ.என்.ஆர். சொல்லும் கைக்கருவி பல வருஷமாகவே இருக்கிறது. வட்டாரத்துக்கு ஒன்று கேட்டு வாங்குங்கள். நாங்களும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்கத் தயார். புதன்கிழமை வரிசையில் நின்றவர்களில் பதினெட்டுப் பேரிடம் பேசிவிட்டேன்.

வருகிற புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மாவோடும் அவளுடைய பதினேழு வருஷ ஐ.என்.ஆர். நோட்டோடும் ஆய்வகத்து ஜன்னல் முன்னால் நிற்பேன். அண்ணாச்சி வீட்டு மதினியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அட்டையில் ஒரு தேதியாவது எழுதியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
புதன்கிழமை வரிசையில் நிற்கும் ஒரு மகள்